ஆல்டர்மீர் பிரபுவுக்குக் கொள்ளி வைத்தவன்

விக்னராஜா வேலை முடிந்து வரும் சத்தம் சந்திரகலாவுக்கு மனப்பாடம். பின் கேற் ஒருமுறை முனகும், ஈரக் கொங்கிறீட்டில் சப்பாத்து உரசும், பிறகு குசினிக் கதவின் பிடி திரும்பும். அன்று மாலை, அடுப்பில் கத்தரிக்காய் பொரிந்துகொண்டிருக்க, அந்தச் சத்தங்களுக்கு நடுவே இன்னொன்றும் வந்தது. இரண்டு அடிக்கு ஒருமுறை, மரம் நிலத்தில் ஊன்றும் சத்தம். வயதானவர்கள் பொல்லு ஊன்றி நடப்பதைப்போல. அவள் அகப்பையைக் கையில் வைத்தபடியே கதவைப் பார்த்தாள். கதவு திறந்தது. மழைக்கோட்டோடு விக்னராஜா நின்றான். கையில் அவனுடைய சாப்பாட்டுப் பெட்டி மட்டுந்தான்.

"பொல்லு எங்கையப்பா?"

"எந்தப் பொல்லு?"

"இப்ப ஊண்டி ஊண்டி வந்தனீங்களே."

"எனக்கு முப்பத்தொண்டு வயசு. இன்னும் கொஞ்சக் காலம் போகட்டும்" என்று சிரித்தான். "பிள்ளை வயித்திலை உதைக்க, உமக்குக் காதுக்கை கேக்குதுபோலை. தேத்தண்ணியைத் தாரும்."

அவளும் சிரித்தாள். ஆனால் கதிரையில் உட்காரப் போனவன் இடது காலை நீட்டி, முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்து, மெல்ல மெல்ல இறக்கித்தான் உட்கார்ந்தான். அப்படி உட்காரும் மனிதர் ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். அவரை எரித்து இரண்டு வாரமாகியிருந்தது.

மெல்பேர்ணில் கியூ என்ற மேட்டுப் பகுதியில், யாரா ஆற்றுக்கு மேலே, முன்னொரு காலத்தில் விடுதியாக இருந்த பெரிய வீடு அது. வெள்ளையருக்கு மட்டுமென்று பூட்டிவைத்திருந்த நாட்டின் கதவைத் திறந்து இரண்டொரு வருடந்தான் ஆகியிருந்தது. கறுப்புத் தோலைக் கண்டதும் அறை எடுபட்டுவிட்டதென்று சொல்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். இந்தக் கிழவர் ஒருவர்தான் எதுவும் கேட்காமல் பின்பக்கத்து இரண்டு அறைகளையும் குசினியையும் கொடுத்தார். "மிஸ்டர் ராஜா" என்றுதான் அவருக்கு வாயில் வந்தது. அதற்கு அரசன் என்று அர்த்தம் என விக்னராஜா சொன்னபோது, கிழவர் தொப்பியைக் கழற்றி, "அப்படியென்றால் நீ என்னைவிடப் பெரிய ஆள், நான் வெறும் பிரபுதான்" என்றார்.

பகிடி என்றுதான் நினைத்தார்கள். பகிடி இல்லை. செம்மறிக் கம்பளியைத் தரம் பிரிக்கும் வேலை செய்து கை தேய்ந்துபோன அந்த மனிதர்தான் ஆல்டர்மீர் பிரபு. அந்தப் பெயரில் இங்கிலாந்தில் இப்போது ஒரு வீடும் இல்லை, ஒரு துண்டு நிலமும் இல்லை. பட்டத்தோடு அவருக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது ஒரு கட்டுப் பொல்லுகள் மாத்திரம். முன் மண்டபத்தில் ஒரு பித்தளைச் சாடிக்குள் அவை நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு வெள்ளிப் பூண். பூணுக்கு ஒரு பிரபுவின் பெயர்.

ஒரு மழை நாள் பின்னேரம் கிழவர் அந்தப் பொல்லுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி அவளுக்குக் கதை சொன்னார். முதலாமவர் அரசனுடைய கப்பல்களுக்கு ஓக் மரம் விற்றுப் பட்டம் வாங்கியவர். மூத்த மகன் ஆற்றில் மூழ்கிப் போனான், பட்டம் இளையவனுக்கு. அவனுக்குப் பிள்ளையில்லை, தம்பிக்கு. தம்பி செத்தபோது மனைவி கர்ப்பிணி. மைத்துனன்மார் அவளை ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டி, வாசலில் கதிரை போட்டுக் காவல் இருந்தார்கள். பெண் பிறந்தால் பட்டம் அவர்களுக்கு, ஆண் பிறந்தால் அவனுக்கு. பேறு நடக்கும்வரை அவள் வெயிலைக் காணவில்லை. ஆண்தான் பிறந்தது.

"கீழே இறங்கியதைவிட இது பக்கவாட்டில் நடந்த தூரந்தான் அதிகம்" என்றார் கிழவர். பிறகு ஒரு பெரியப்பன் மகன், பிறகு ஜமேக்காவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஒருவன், பிறகு அது வேண்டாமென்று கெஞ்சிய ஒரு பாதிரியார். "எனக்கும் இதற்கும் நடுவில் எத்தனை ஆண்கள் நின்றார்கள் தெரியுமா? இளம் ஆட்கள். ஒருவன் போரில், ஒருவன் காய்ச்சலில், ஒருவன் குளிக்கும் தொட்டியில். வழியைத் துப்புரவாக்கிக்கொண்டு கடல் தாண்டி என்னிடம் வந்தது."

"எது வந்தது?" என்று அவள் கேட்டாள்.

அவர் பொல்லுகளைச் சாடியில் திரும்ப வைத்தார். "அதனால்தான் நான் கலியாணம் கட்டவில்லை, மிஸிஸ் ராஜா. ஒரு பெண்பிள்ளை இருந்தாள், பலரட் என்ற ஊரில். நல்லவள். வேண்டாமென்று விட்டேன். எனக்குப் பிறகு ஒருவனும் இல்லை. தேடிப் பார்த்தாயிற்று. என்னோடு இது அற்றுப்போகும்." அவள் அவர் முகத்தில் கண்ட சந்தோசங்களில் அதுதான் பெரியது.

வைகாசியின் கடைசியில் நித்திரையிலேயே போனார். ஸ்பிரிங்வேல் தகனசாலைக்கு வந்தது ஒரு சட்டத்தரணி, விக்னராஜா, அவள். மூன்றே பேர். பூவில்லை, பாட்டில்லை. உடலை உள்ளே அனுப்பும் சுவிச்சுக்குப் பக்கத்தில் நின்ற ஊழியர், "குடும்பத்தில் யாராவது?" என்று கேட்டார். சட்டத்தரணி மணிக்கூட்டைப் பார்த்தார்.

விக்னராஜாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு மனிதன் கொள்ளி வைக்க ஆளில்லாமல் போவதைவிடப் பெரிய அநியாயம் அவனுக்குத் தெரியாது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு முன்னால் போனான். "மகனாக நான் நிற்கிறேன்" என்று ஊழியருக்கு இங்கிலீசில் சொன்னான். பிறகு பெட்டியில் கையை வைத்துத் தமிழில் சொன்னான்: "ஆருமில்லாமல் போகாதையுங்கோ ஐயா. நான் உங்கடை பிள்ளையாய் நிண்டு அனுப்பிறன்."

சுவிச்சை அழுத்தினான்.

வீட்டுக்கு வரும் ட்ராமில் அவள் சண்டை பிடித்தாள். "உங்கடை அப்பர் ஊரிலை, கைதடியிலை, கல்லுப்போலை இருக்கிறார். நீங்கள் இன்னொருத்தருக்குக் கொள்ளி வைக்கலாமோ?"

"அது கொள்ளியில்லையப்பா, சுவிச்சு."

"வாயாலை சொன்னனீங்கள்தானே, பிள்ளையெண்டு."

"கிழவன் எங்களுக்கு இருக்க இடந்தந்தது. நான் ஒரு சொல்லுச் சொன்னால் குறைஞ்சே போவன்?"

செத்தவருக்குச் செய்யும் எட்டுச் சடங்கும் செய்தான். எட்டாம் நாள் முன் சாப்பாட்டறையில், கிழவர் தனியே உட்கார்ந்து சாப்பிடும் நீள மேசையில், வடையும் மோதகமும் மரக்கறியும், கிழவருக்குப் பிடித்த ஆட்டிறைச்சிப் பொரியலும், தகரத்தில் அடைத்த பீச் பழமும், ஒரு போத்தல் பியரும் வைத்தார்கள். ஊரில் செய்வதுபோலக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்து நின்றார்கள். போனவர் வந்து சாப்பிடுவதற்காக.

உள்ளே ஒரு கதிரை இழுபட்டது.

பழைய வீடு, பலகை நெளியும் என்று அவள் நினைத்தாள். இன்னொரு கதிரை. பிறகு இன்னொன்று. அந்த மேசையின் இரண்டு பக்கமும் இருந்த எல்லாக் கதிரைகளும், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல்.

கதவைத் திறந்தபோது ஒன்றும் அசைந்திருக்கவில்லை. சாப்பாடு அப்படியே இருந்தது. இறைச்சியின் நெய் மட்டும் வெள்ளையாக உறைந்து, தட்டு கையில் ஒட்டும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. ஆற்றுச் சேற்று மணம். முறைப்படி அவன் அதில் எடுத்துச் சாப்பிட்டான். அவளுக்கும் ஒரு வடை கொடுத்தான். அதில் உப்பே இல்லை. அவள்தான் உப்புப் போட்டுக் குழைத்தவள்.

அதற்குப் பிறகுதான் அந்த மாலை, பொல்லுச் சத்தம்.

ஆடிக் குளிர் வந்தது. ஐந்தரைக்கே வெளிச்சம் வடிந்துபோகும். விக்னராஜா பின் கேற்றால் வருவதை விட்டுவிட்டான். முன்கதவு கிழவர் போனபின் பூட்டியே கிடந்தது, திறப்பு சட்டத்தரணியிடம். ஆனாலும் அவன் வரும்போது அது திறந்தது. அவன் உடுப்பில் நனைந்த கம்பளி மணமும், பழைய நீரின் மணமும், சிலவேளை அவளுக்குத் தெரியாத ஏதோவொரு புகையிலையின் மணமும் ஏறியிருந்தன. சாப்பாட்டறையில் விளக்குப் போடாமல், மேசைத் தலைப்பில், முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான். அவள் கூப்பிட்டால் சற்றுநேரம் கழித்துத் திரும்பிப் பார்ப்பான். யாரோடோ பேசிக்கொண்டிருந்தவனை இடையில் மறித்ததுபோல.

"கிளேற்றனிலை ஒரு பிளற் இருக்காம். சச்சி அண்ணை பாத்து வைச்சிருக்கிறார். போவமே?"

"இந்த வீட்டை விட்டிட்டோ?"

"வீடு எங்கடை இல்லையப்பா. விக்கப்போகினம்."

"எங்கடை ஓக்குகளையும் இப்பிடித்தான் வித்தவங்கள்" என்றான் விக்னராஜா. கைதடியில் பிறந்தவன், ஓக் மரத்தை அவுஸ்திரேலியாவுக்கு வந்துதான் கண்டவன், அப்படிச் சொன்னான்.

அவன் மெலிந்தான். வேலைக்குப் போவதும் நின்றது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், ஒரு குறையும் இல்லையென்றார்கள். அவன் தலைமயிர் நெற்றிப்பக்கம் நரைத்துக்கொண்டு வந்தது.

சச்சி அண்ணை என்று அவள் சொன்ன சச்சிதானந்தன் மல்கிரேவில் இருந்த டொக்டர். விக்னராஜாவுக்குப் பள்ளிக்கூடத்து மூத்தவர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தன் ஹோல்டன் காரில் வந்து இறங்கினார். விக்னராஜா மேசையை விட்டு எழும்ப மறுத்துவிட்டான்.

"இவனுக்கு மண்டையிலை ஏதோ" என்றார் அவர் குசினிக்குள் வந்து, குரலைத் தாழ்த்தி. "நீர் முதலிலை வாரும் தங்கச்சி. எங்கடை வீட்டிலை இரும். இவனை நான் நாளைக்கு ஆள் கொண்டுவந்து தூக்கிறன். வயித்துப் பிள்ளையோடை இந்தக் குளிருக்கை கிடக்கேலாது."

அவள் சூட்கேசை எடுத்தாள். முன் கேற்றைத் தாண்டும்வரை பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அது ஓய்ந்ததே இல்லை. கார் கிளம்பி இறக்கத்தில் இறங்கியபோது உதை நின்றது. நித்திரை என்று நினைத்தாள். பாலத்தடியில் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். வயிறு கல்லாக இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லாத கல்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ."

"என்ன?"

"பிள்ளை அசையேல்லை."

"அது படுத்திருக்கும்."

"நிப்பாட்டுங்கோ அண்ணை!"

தெருவோரத்தில் நிறுத்தி, பின் இருக்கையில் சாய வைத்து, வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். ஒரு இடத்தில். இன்னொரு இடத்தில். அவர் நெற்றி வேர்த்தது. குழாயை மடித்துப் பைக்குள் வைத்தார். சொல்லாததை அவள் கேட்டாள்.

"திருப்புங்கோ."

"ஆஸ்பத்திரிக்குப் போவம், கிட்டத்தான்..."

"வீட்டை திருப்புங்கோ! செத்துப்போம்!"

முன் கேற்றுக்குள் காலை வைத்தாள். அடிவயிற்றில் ஒரு உதை. நல்ல பலமான உதை. பிறகு ஒன்று. அவள் அந்த இடத்திலேயே குந்தி அழுதாள். சச்சிதானந்தன் சிரிக்க முயன்றார். "பாத்தீரே? வெறும் நித்திரை. குழாய் பிழைபோலை. வாரும், திரும்பப் போவம்." அவள் கேற்றுக் கம்பியைப் பிடித்த கையை விடவில்லை. ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்துப் பார்த்தாள். அசைவு நின்றது. காலை உள்ளே இழுத்தாள். உதைத்தது.

இதை எந்த டொக்டருக்கு விளங்கப்படுத்துவது? அவர் கோபித்துக்கொண்டு போனார். நாளைக்கு மனிசியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் உள்ளே போனாள். நடைபாதையில் கதிரைகள் வந்திருந்தன. சாப்பாட்டறைக் கதிரைகள். குசினிவரைக்கும், சுவரோரமாக, அவளுடைய படுக்கையறைக் கதவைப் பார்த்தபடி. யார் தூக்கி வைத்தது? விக்னராஜாவால் ஒரு கோப்பையைத் தூக்கவே ஏலாது. பூட்டிய அறைக்குள் கிடந்த அந்தப் பிரபுவின் விதவையை அவள் நினைத்தாள். அவளுக்காவது கதவு பூட்டியிருந்தது.

அவன் இப்போது சாப்பாட்டறையில் ஒரு பழைய சோபாவில் கிடந்தான். வெளியே வானம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் போய் இருந்ததும் அவள் கையைப் பிடித்தான். பல நாளுக்குப் பிறகு, அவனுடைய கண்களாலேயே பார்த்தான்.

"கலா."

"ஓம். இருக்கிறன்."

"அவை எனக்காக வரேல்லை."

"கதையாதேங்கோ. சச்சி அண்ணை நாளைக்கு வாறார்."

"நான் வழி மட்டுந்தான். கிழவன் அடைச்ச வழி. நான் திறந்துவிட்டிட்டன்." மூச்சு இழுத்தான். "பொம்பிளைப் பிள்ளையளுக்குப் போகாது. ஒருநாளும் போனதில்லை. பெட்டையெண்டால் எழும்பிப் போயிடுவினம். எல்லாம் அற்றுப்போம். நேத்தி வையும், கலா. பெட்டை பிறக்கவேணுமெண்டு நேரும்."

"பெட்டைதான்" என்றாள் அவள். "எனக்குத் தெரியும். பெட்டைதான். இனிப்புத்தானே விரும்பித் தின்னிறன். கண்டவை எல்லாரும் பெட்டையெண்டுதான் சொல்லுகினம்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுடையது. வாயோரம் அது நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிடித்திருந்த கை பாரமானது.

"என்னப்பா?"

அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இஞ்சாருங்கோ!"

நடைபாதையில் கதிரைகள் பின்னால் தள்ளப்பட்டன. எல்லாம் ஒரே நேரத்தில். பெரியவர் ஒருவர் உள்ளே வரும்போது சபையில் எல்லோரும் எழும்புவதுபோல.

அவள் எழுந்தாள். சுவரில் முதுகை ஒட்டினாள். முன்கதவு தெரிந்தது. திறந்துதான் கிடந்தது. புல்லும் கேற்றும் தெருவிளக்கும் தெரிந்தன. ஓடலாம். ஒருவரும் மறிக்கவில்லை. ஓடினால் வயிற்றில் கல்லோடு ஓடவேண்டும்.

ஓடவில்லை.

அவர்கள் வந்தார்கள். மெதுவாக. முகங்கள் தெரியவில்லை, அல்லது தெரிந்த எல்லா முகமும் ஒன்றுதான். ஒருவனின் உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒருவனின் கழுத்தில் பாதிரியாரின் வெள்ளைப் பட்டி. கம்பளி பிரித்துத் தேய்ந்த இரண்டு கைகள், முகத்தை மூடியபடி. கிழவர் அழுதுகொண்டிருந்தார். வரிசையின் கடைசியில், சப்பாத்தில்லாமல், வெறும் காலோடு விக்னராஜா. சோபாவில் கிடந்தவன் கிடந்தபடிதான் கிடந்தான். இவன் அவளைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தான்.

முன்னால் நின்றவர் மிகப் பழையவர். கிட்ட வந்தார். சேற்றுக் குளிர். குனிந்து அவளுடைய வயிற்றில் காதை வைத்தார்.

பெட்டை, என்றாள். அம்மாளாச்சி, பெட்டை. பெட்டையாயிருக்கவேணும். பெட்டை. பெட்டை.

அவர் கேட்டார். நெடுநேரம் கேட்டார்.

பிறகு நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றினார்.

அவர் தொடங்கி, கடைசியில் நின்ற விக்னராஜா வரைக்கும், ஒவ்வொருவராக முழந்தாளிட்டார்கள்.

உள்ளே பிள்ளை புரண்டது. தொப்புளுக்கு மேலே தோல் எழும்பியது. சேலைக்குள்ளால் தெளிவாக, விரித்த ஒரு கை. ஐந்து விரலும் தெரிந்தன. நீட்டிக்கொண்டு நின்றது.

பழையவர் குனிந்து அந்தக் கையை முத்தமிட்டார்.

பிள்ளை கையை இழுத்துக்கொள்ளவில்லை.